பாதிக் கிணறு

முனிச்சாலைச் சந்தில்
எங்கள் கிணற்றின் நடுவே ஒரு சுவர்.
இந்தப் பாதி எனக்கு, அந்தப் பாதி மெகர்பானுவுக்கு.
தண்ணீரைத் தொடுமுன்பே
சுவர் நின்றுவிடும்.

அவள் பையனுக்கு மறுபடி டைபாய்டு.
"கடையில எதையோ தின்னுட்டான்க்கா."

மாநகராட்சிப் பெண் தந்த குப்பியில்
கோடுவரை நீர் பிடித்து
டிவி மேல் வைத்தேன்.
வீட்டுக்காரர் தூக்கிப் பார்த்தார்:
"கண்ணாடி கெட்டது போ!"

மறுநாள் விடிந்தபோது
தோசைக்கல் அடியாய்க் கறுத்திருந்தது.

போன தையில்தான்
புது கக்கூஸ் கட்டினோம்.
குழி எங்கே வெட்ட என்று கேட்ட கொத்தனாருக்கு
இருந்த ஒரே மூலையைக் காட்டியது நான்.
அதுவரை
மகள் பேருந்து நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தாள்,
இரண்டு ரூபாய் கொடுத்து.

இன்று தையல் டேப்பை எடுத்து
குழியிலிருந்து கிணறுவரை வைத்தேன்.
இரண்டாவது தடவை வைத்தபோது
டேப் மிஞ்சியது.

அந்தப் பக்கம் உருளை கிறீச்சிடுகிறது.
"மெகரு, தண்ணியைக் காய்ச்சிக் குடிங்க."
"ஏன்க்கா?"
குப்பி என் முந்தானைக்குள்.
"கெட்டுப்போன மாதிரி தெரியுது."

வாளி மேலேறி வருகிறது, சொட்டிக்கொண்டே.

"உங்க பக்கம் கெட்டிருந்தா
எங்க பக்கம் இறைச்சுக்கங்கக்கா.
குடத்தை நீட்டுங்க."