பிறந்த திகதி

ஐயா,
'பதிவு வரி தொடர்பான மேன்முறையீடு' என்று
மேலே எழுதிக் கீழே கோடிட்டிருக்கிறேன்.
கோடு நேராக இல்லை.
ஸ்டியரிங்கின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன்,
கொஞ்சம் அழுத்தினால் ஹோன் அடிக்கிறது,
பக்கத்து வளவு நாய் பதில் சொல்கிறது.

கொக்குவில். ரெயில் பாதையோரம் மூன்றாம் ஒழுங்கை.
நாலரை மாதமாய் இந்தக் கார்
இலக்கத் தகடு இல்லாமல் போர்ட்டிக்கோவில் நிற்கிறது.
றோட்டில் இறக்கக்கூடாது.
பற்றறி இறங்கிவிடும் என்று காலையில் பத்து நிமிடம்
ஸ்டார்ட் செய்து, பெல்ட்டும் போட்டு,
ஓரிடமும் போகாமல் இருந்துவிட்டு
சைக்கிளில் வேலைக்குப் போகிறேன்.

திறப்பைத் திருப்பியவுடன்
ஒருத்தி ஜப்பான் மொழியில் ஏதோ சொல்வாள்.
அவளுடைய வரைபடத்தில் கொக்குவில் இல்லை.
நீலத்துக்கு நடுவே ஒரு சிவப்பு அம்பு,
அதுதான் நான்.
ரேடியோ தொண்ணூறுக்கு மேல் ஏறாது.

விசயத்துக்கு வருகிறேன்.
உங்கள் கடிதம் சிங்களத்தில் வந்தது.
சுண்டுக்குளியில் ஒரு மொழிபெயர்ப்பாளர்,
பக்கத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு, முத்திரைக்கு வேறு.
கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:
"உங்கட கார் நீங்கள் சொல்லுறதிலும் ரெண்டு வயசு இளசாம்.
இளசெண்டால் வரி கூட."
பெண் பார்க்க வந்தவர்கள்
குசினி வாசலில் நின்று கதைப்பது போலிருந்தது.

அந்தத் தாளில் இருப்பது மூன்று.
நீங்கள் அதை இருபத்துமூன்று என்று வாசித்திருக்கிறீர்கள்.
அங்கே அரசர் மாறினால்
வருடம் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குமாம்.
புது அரசரின் மூன்றாம் வருடம் என்றால்
இரண்டாயிரத்து இருபத்தொன்று.
நம்பக் கஷ்டமாக இருந்தால்
எங்கள் பக்கத்து வீடுகளில் கேட்டுப் பாருங்கள்:
இடம்பெயர்வுக்கு முதல் வருசம்,
பாதை திறந்த வருசம்,
திரும்பி வந்து கூரை போட்ட வருசம்.
எங்களுக்கு அரசர் தேவைப்படவில்லை.

சேசிஸ் இலக்கத்தைப் பென்சிலால் தேய்த்தெடுத்த தாள்
இத்துடன் இருக்கிறது.
எந்த ஆலை, எந்த மாதம், வரிசையில் எத்தனையாவது,
எல்லாம் அந்த இரும்பிலேயே பொறித்திருக்கிறது.

உங்கள் படிவத்தில் ஏழாவது கூடு:
விண்ணப்பதாரரின் பிறந்த திகதி.
என்னைப் பதிந்த புத்தகம் எரிந்துபோனது.
என்னிடம் இருப்பது உத்தேச வயதுச் சான்றிதழ்.
ஒரு டொக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார்,
மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்,
ஜனவரி ஒன்று என்று எழுதினார்.
அன்று வரிசையில் நின்ற எல்லோருக்கும்
ஜனவரி ஒன்றுதான்.
என்னை இரண்டு வயது இளசு என்று யாராவது சொன்னால்
மறுக்க என்னிடம் ஒரு தாளும் இல்லை, ஐயா.
(இந்தப் பந்தியை நல்ல பிரதியில் வெட்டிவிடுவேன்.)

கச்சேரி வாசலில் தட்டெழுதும் குலமணி அண்ணை
'கருணை கூர்ந்து' என்று தொடங்கச் சொன்னார்.
வித்தியாசம் பதினொரு லட்சத்து நாற்பதாயிரம்.
நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதுகிறவள்.
மூன்றை இருபத்துமூன்று என்று பதிந்தால்
என் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
கூட்டல் பிழைக்குக் கருணை எதற்கு?
விட்டுவிட்டேன்.

நேற்று ஏசண்ட் நிருத்தனன் வந்து
காருக்குள் ஏறி இருந்து, அவள் பேசுவதைக் கேட்டுச் சிரித்தான்.
நாகோயாவில் ஆறு வருசம் வேலை செய்தவன்.
"அக்கா, அவள் வேற ஒண்டும் சொல்லேல்லை.
இண்டைக்கு என்ன திகதி எண்டு சொல்லுறாள்.
ஒவ்வொரு நாளும் அதைத்தான் சொல்லுவாள்."

ஜனவரி முதலாம் திகதி காலையும்
இதே சீட்டில் பத்து நிமிடம் இருந்தேன்.
என்னவோ சொன்னாள்.
வேலைக்கு நேரமாகிவிட்டது,
ஓம் ஓம் என்று சொல்லி நிற்பாட்டினேன்.

இங்ஙனம்,
செ. தவநிதி

(ஏழாவது கூட்டை இன்னும் நிரப்பவில்லை.)