ஆறுக்குப் பதின்மூன்று

கட்டம் போட்ட கொப்பித் தாளில்
குறுக்கே ஆறு, நெடுக்கே பதின்மூன்று.
வலைக்குப் பல்குத்தும் குச்சிகள்.
ஆட்டக்காரிகள் இரண்டு சில்லறைக் காசு.
இறகுப்பந்துக்கு ஒரு சோடா மூடி.
வெள்ளவத்தையில், ரயில்பாதையைப் பார்த்த மூன்றாம் மாடியில்
நானும் முஸ்னியும் செய்யப்போனது
அவசரமே இல்லாத ஒரு பட்மின்டன்.

"சதுரங்கத்துக்குச் சப்பாத்துப் போடுறீங்க"
என்றான் அவன் தம்பி.

முதல் விதி சுலபம்:
மூடி காற்றில் நிற்கும்.
யோசித்து முடிக்கும்வரை நிற்கும்.
தேத்தண்ணி ஆறும், நிற்கும்.
கரண்ட் போகும், நிற்கும்.
ஆறு நாற்பது ரயில் மேசையை உலுக்கினால் மட்டும்
இரண்டு கட்டம் நகர்ந்து
கோட்டுக்கு வெளியே விழும்.
அது யாருடைய புள்ளி என்று
இராச்சாப்பாடுவரை சண்டை.

மூன்றாம் கிழமை கணினியில் ஓடியது.
ஓடியது என்று சொல்லக்கூடாது.
ஒரு ஸ்மாஷுக்கு நான்கு நிமிடம்.
மண்டபத்தில் பதிந்து வந்த அடியின் ஓசையை
அந்த நீளத்துக்கு இழுத்துப் பார்த்தேன்.
துறைமுகத்தில் கப்பல் ஊதுவதுபோலிருந்தது.
ஏனோ அதை அழிக்கவில்லை.

முறை வைத்து வாழ்வது இந்த ஊருக்குப் புதிதா?
தட்டுப்பாட்டு வருஷத்தில்
பெற்றோலுக்கு வண்டித் தகட்டின் கடைசி எண்,
மின்வெட்டுக்கு எழுத்து.
என் வீடு டி, முஸ்னி வீடு எஃப்.
அவன் வெளிச்சத்தில் எழுதி அனுப்பியதை
என் வெளிச்சம் வந்தபின் திருத்துவேன்.
அப்போதுதான் இந்த யோசனையே வந்தது,
வரிசையில், இரண்டு மணி நேரத்தில் ஒரு கார் நகர்ந்தபோது.

கொட்டாஞ்சேனையிலிருந்து டில்ருக்ஷி வந்தாள்.
மாகாணத்துக்கு இரட்டையர் ஆடியவள்.
வலது முழங்காலில் கறுப்புப் பட்டி.
திரையில் ஆறு பொத்தான்கள்:
டிராப், லிஃப்ட், கிளியர், ஸ்மாஷ்,
மற்ற இரண்டையும் அவள் வாசிக்கவேயில்லை.
"இதையெல்லாம் நான் எப்ப முடிவு பண்ணினேன்?
கை அடிச்ச பிறகுதான் எனக்கே தெரியும்.
நான் யோசிக்கிறது அதுக்குப் பிறகு,
திரும்பி எங்க போய் நிக்கிறது என்டு."

எழுந்து, சாப்பாட்டு மேசைக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே
காட்டினாள்.
ஒரு எட்டு, இன்னொரு எட்டு, பின்னால் அரை எட்டு.
ராக்கெட் இல்லை, கையில் பாதி தின்ற மாலுபாண்.
"முன்னால நிக்கிறவளின்ட மணிக்கட்டு பொய் சொல்லும்.
தோளுக்குப் பொய் சொல்ல நேரமில்ல.
அதப் பார்த்துக்கொண்டே நடுவுக்கு வரணும்.
சரியான நடு இல்ல. கொஞ்சம் இடப்பக்கம்.
அது எனக்கு மட்டும்"
என்று முழங்காலைத் தட்டினாள்.

அன்றிரவு ஆறு பொத்தான்களையும் அழித்தோம்.
பதினொரு கிழமை உழைப்பு.
முஸ்னி கதிரையைத் திருப்பிப் போட்டு
கடல் இருந்த இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது முறை என்பது அடி அல்ல.
இறகு தன்பாட்டில் போகும்.
நீ வைப்பது இரண்டு பாதம்,
ஒரு சந்தேகம்.
அவளும் அதே கணம் வைப்பாள், மறைத்து.
பிறகு இருவருக்கும் திறக்கும்.
பிழையான மூலையில் நிற்கிறாய் என்பதைக் காண
ஒரு முழு நொடி தருகிறோம்,
இறகு இன்னும் விழாமல்.
"அந்த நொடிக்குத்தான் காசு கேக்கிறோம்" என்றான் முஸ்னி.

அன்று அவளை பஸ் ஏற்றக் காலி வீதிக்குப் போனேன்.
நூறும் நூற்றியொன்றும்
ஒன்றையொன்று உரசாத குறையாய் வந்தன.
நான் வலம் பார்த்து, இடம் பார்த்து,
தூரத்தைக் கணக்கிட்டு,
மறுபடி வலம் பார்த்தேன்.
அவள் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்,
கொஞ்சம் இடப்பக்கமாக.