கழித்தல் குறி

எங்கள் தெருவுக்கு இரண்டு ஊர்.
இந்தப் பக்கம் ஷார்ஜா, எதிர்ப்பக்கம் துபாய்.
பெயர் இரண்டுக்கும் அல் நஹ்தாதான்.
பால்கனியில் காயும் துண்டு
பலமாகக் காற்றடித்தால் ஊர் மாறி விழும்.
வாடகைதான் எங்களை இந்தப் பக்கம் நிறுத்தியது.

அப்பா கட்டுமானக் கம்பெனியில் எஸ்டிமேட்டர்.
முப்பது மாடிக்கு எத்தனை கதவு, எத்தனை கீல் என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.
போன ஞாயிறு, மீன்குழம்பு கை காயுமுன்
என்னையும் ஓர் எக்செல் தாளில் ஏற்றினார்.
இடப்பக்கம் இப்போதைய கல்லூரி:
வருடம் இருபத்தாறாயிரம் திர்ஹாம், பஸ்ஸோடு.
வலப்பக்கம் அது:
அறுபத்தெட்டாயிரம். இருபது சதவீதம் தள்ளுபடி,
மதிப்பெண் சறுக்கினால் தள்ளுபடியும் சறுக்கும்.
எப்படிக் கழித்தாலும்
இருபத்தெட்டாயிரத்து நானூறு உதைக்கிறது.
கடைசி வரியை மஞ்சளாக்கி
'பெயர்' என்று மட்டும் எழுதி
தொகைக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்.
"இதுக்கு ரேட் எனக்குத் தெரியல பெனிட்டா.
நீயே போடு."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை.
டிசம்பர் டிக்கெட்டுகள் ரத்தான செய்தி
என் ஈமெயிலுக்குத்தான் வந்தது,
அவளுக்கு மறந்துவிட்டது போல.

அறுபத்திரண்டு கிரெடிட்டில்
நாற்பத்திமூன்றை ஏற்றுக்கொள்வார்களாம்.
மீதியை நான் படித்தது உண்மைதான்,
ஆனால் படித்ததாகாது என்றார்
சேர்க்கை அலுவலர், மிக இனிமையாக.
அந்தப் பத்தொன்பதில் தெர்மோடைனமிக்ஸும் ஒன்று.
தம்பி தூங்கும் அறைக்கு வெளியே
ஐந்தாம் மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தது.
அசைவு தெரிந்தால்தான் எரியும் விளக்கு அங்கே.
இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை
கையைத் தூக்கித் தூக்கிப் படித்தேன்.

செவ்வாய்க்கிழமை அங்கே ஒரு வகுப்பில்
விருந்தாளியாக உட்காரவிட்டார்கள்.
காபி இருபத்திரண்டு திர்ஹாம், குடிக்கவில்லை.
நாற்காலி என் முதுகுக்கு ஏற்றபடி சாய்ந்தது,
அது பிடித்திருந்தது, மறைப்பானேன்.
கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர்
டாக்டர் ஹுசாம்.
திங்களும் புதனும் எங்களுக்கு நடத்துகிறவர்.
அதே சாம்பல் சட்டை. அதே ஸ்லைடுகள்,
மூலையில் மட்டும் வேறு சின்னம்.
ஏழாவது ஸ்லைடில் மூன்றாவது வரியில்
விடுபட்ட அதே மைனஸ்.

சிரிப்பை அடக்கப் பாடுபட்டேன்.
வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் சொல்ல
வாக்கியம்கூடத் தயார்:
லேபிளுக்கா அப்பா இவ்வளவு காசு?

அதற்குள் முன்வரிசையில் ஒருத்தி கை தூக்கினாள்.
"அங்கே மைனஸ் வரணும் இல்லையா?"
அவர் திரும்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.
பிறகு பத்து நிமிடம்
அந்த ஒரு சின்னக் கோட்டைப் பற்றியே பேச்சு.
வெப்பம் எந்தத் திசையில் போகிறது,
அதை யார் முதலில் தப்பாகப் போட்டார்கள்,
இன்னொருவன் மறுத்தான், அவர் மேசைமேல் ஏறி உட்கார்ந்தார்.
இரண்டு வருடமாக நான் பார்க்காத ஒரு மனிதர்
அந்தச் சாம்பல் சட்டைக்குள் இருந்தார்.

திங்களன்றே நான் அதைப் பார்த்திருந்தேன்.
நோட்டில் பென்சிலால் போட்டும்விட்டேன்.
கேட்கவில்லை.
யாரும் கேட்பதில்லை எங்கள் வகுப்பில்,
பஸ் நான்கு மணிக்கு.

புதன்கிழமை ஸ்லைடு திருந்தி வந்தது.
"ஒரு சிறு பிழை, மாற்றிக்கொள்ளுங்கள்" என்றார்.
முப்பத்தொன்பது பேரும் குனிந்து
ஒரு கோடு போட்டுக்கொண்டோம்.
எனக்கு வேலையில்லை, ஏற்கெனவே இருந்தது.
பேனாவால் அதன்மேல் அழுத்திப் போட்டேன்
தாள் கிழிகிற அளவு.

இன்று வியாழன்.
ஐயாயிரம் முன்பணம், திரும்பாது,
நள்ளிரவோடு கடைசி.
படிக்கட்டில் லேப்டாப், பதினொன்று நாற்பது.
அப்பாவின் தாளில் மஞ்சள் வரிக்கு வந்து
'பெயர்' என்பதை அழித்து
'பத்து நிமிடம்' என்று அடித்தேன்.
தொகைக் கட்டம் இன்னும் காலிதான்.

விளக்கு அணைந்தது.
தூக்கினால் எரியும்.
கை மடியில் கிடக்கிறது, கொஞ்சம் இருக்கட்டும்.