மட்டை நழுவிய பக்கம்

போன பங்குனி, பாசையூர்த் திடலில்
என் கையிலிருந்து நழுவியது மூங்கில் மட்டை.
எல்லே ஆட்டம், மகளிர் அரையிறுதி.
பந்து போட்டவள் எங்கள் கொன்சலாதான்;
எல்லேயில் நம்முடைய ஆளே நமக்கு எறிவாள்,
எதிரி மேல் பழி போட்டுத் தப்ப முடியாது.

பந்து தென்னைக்கு மேலால் போனது.
எல்லோரும் பந்தையே பார்த்தார்கள்.
மட்டை மற்றப் பக்கம் போனது,

கழன்ற மின்விசிறி இதழ் போலச் சுழன்று
மூன்று வரிசைக் கதிரைகளைத் தாண்டி
கச்சான் விற்ற எமிலியானுஸின்
காறையெலும்பில் போய் நின்றது.

"பார்த்துக்கொண்டு நிண்டிருந்தால் குனிஞ்சிருப்பன் பிள்ளை,"
பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து சொன்னார்.
"சுருளுக்குள்ள கச்சான் போட்டுக்கொண்டு நிண்டனான்."
நான் கொண்டுபோன தோடம்பழத்தை
ஒற்றைக் கையால் உரிக்க ஏலாமல்
போர்வையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

கழகக் கூட்டத்தில் தலைவர் பலகையைக் காட்டினார்:
'பார்வையாளர்கள் தம் பொறுப்பில் நிற்கவும்.'
நீலப் பெயின்ற், வடிவான எழுத்து.
அது நட்டிருந்தது கச்சான்காரருக்குப் பின்னால்.
வாசிப்பதென்றால்
ஆட்டத்துக்கு முதுகு காட்ட வேண்டும்.

வானத்தில் ஏதும் இரைந்தால்
மண்ணோடு மண்ணாய்க் குப்புற விழத் தெரிந்த ஊர் இது.
அதே ஆட்கள் இப்போது
பந்து வருகுது என்றால் கதிரையில் ஏறி
இரண்டு கையையும் நீட்டுகிறார்கள்.
குறை சொல்லமாட்டேன்.
நீட்டிய அந்தக் கைகளுக்காகத்தான்
றெஜினோல்ட் சம்மாட்டியிடம் வலை கேட்டேன்.

திருக்கை வலை. திங்கள் விடியத் திருப்பித் தரவேணும்.
ஐந்து சவுக்குத் தடியில் இழுத்துக் கட்டினோம்.
கவுச்சி மணத்துக்கு நாலு பூனைகள் வந்து
முன்வரிசை பிடித்தன.

"முகமெல்லாம் கட்டம் கட்டமாத் தெரியுது."
"காசு குடுத்தது ஆட்டம் பார்க்க, வலை பார்க்க இல்லை."
"மீன் ஆர், நாங்களோ நீங்களோ?"
வீடியோ எடுக்கவென்று ஒரு பெடியன்
நாலு கண்ணியை அறுத்தே விட்டான்.
சம்மாட்டி வந்தார். விரலால் தடவினார்.
ஒரு சொல்லும் பேசவில்லை.
ஆட்டம் முடியுமட்டும் அங்கேயே நின்றார்
ஓட்டையை முதுகால் அடைத்துக்கொண்டு.

நாலாவது சுற்றில் குருநகர்ப் பிள்ளை ஒருத்தியின்
மட்டை கைவிட்டுப் பறந்தது.
வலை வயிறு தள்ளி, உள்வாங்கி,
பிடியோடு அதை மாட்டித் தொங்கவிட்டது.
"கிலோ என்ன விலை?" என்றது ஒரு குரல்.
திடல் முழுக்கச் சிரிப்பு.
எமிலியானுஸின் கை மட்டும்
காறையெலும்புக்குப் போய்விட்டது.
காலடியில் கச்சான் கொட்டிக் கிடந்தது.
அவள் மட்டையை எடுக்க வந்தாள்,
எடுக்காமல் நின்றாள்.
போன வருசத்து என் முகம் அவளிடம் இருந்தது.

இன்று இறுதியாட்டம்.
வலை கடலில்.
"ஒரு ஆட்டந்தானே, கொஞ்சம் தள்ளி நிக்கட்டும்,"
என்றது நிர்வாகம். தள்ளி நின்றார்கள், அரை அடி.
பலகைக்குப் புதுப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள்,
அதே இடத்தில்.

மட்டைப் பிடியில் சைக்கிள் ரியூப் சுற்றியிருக்கிறேன்.
உள்ளங்கையில் மணல் தேய்த்திருக்கிறேன்.
கொன்சலா பந்தோடு காத்து நிற்கிறாள்.
நடுவர் இரண்டாம் தரம் ஊதுகிறார்.

பொறுங்கோ.
இடப்பக்கம் இருந்து எண்ணிக்கொண்டு வருகிறேன்.
கைக்குழந்தையோடு ஒருத்தி,
கதிரையில் ஏறி நிற்கும் மூன்று பேர்,
ஆட்டத்தைப் பார்க்காமல்
ஒருவரையொருவர் பார்க்கிற இரண்டு பேர்.
நூற்றுப் பன்னிரண்டு.

எமிலியானுஸ் குனிந்து சுருள் போடுகிறார்.
அவரை இரண்டு தரம் எண்ணினேன்.