நான்காவது கிளிப்

பிதியாவில் தார்ச்சாலை முடிகிற இடத்தில்
எங்கள் ஒர்க்‌ஷாப்.
அதற்கப்பால் மணல்தான்.
காற்றடித்தால் பூட்டின் சாவித்துளை வரைக்கும்
அதற்குப் பாத்தியதை உண்டு.

இந்த மாதத்தில் இது மூன்றாவது வண்டி.
ஒரே மாடல், ஒரே வெள்ளை.
விளம்பரத்தில் மணற்குன்றின் உச்சியில்
மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றதே, அதுதான்.
இருபத்தோராயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை.
நீலப்புகை.
ஊற்றுகிற ஆயில் எங்கே போகிறதென்று தெரியவில்லை,
மேட்டில் இழுவையும் இல்லை என்றார்
கேம்ப் டிரைவர் துர் முகம்மது,
பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தவர்போல
என் முகத்தையே பார்த்தபடி.

காற்றுக்குழாயைக் கழற்றினேன்.
ஃபில்டருக்கு முன்னால் தூசி இருக்கலாம்.
பின்னால்?
விரலை விட்டுத் துழாவினேன்.
குழந்தைக்குப் பூசுகிற பவுடர் மாதிரி ஒட்டியது,
செம்மஞ்சளாக.
டர்போவின் இதழ்கள்
எலி கொறித்த ரொட்டி ஓரம்.
சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாகக் கோடு,
கோடு, கோடு.
நகத்தை வைத்தேன். நகம் நின்றது.

"நீ ஃபில்டரைத் தட்டியிருக்க மாட்டாய்" என்று
மஸ்கட்டிலிருந்து போனில் ஒரு குரல் சொன்னதாம்.
"விடியத் தொழுகை, பிறகு ஃபில்டர்" என்றார் துர் முகம்மது.
"இரண்டையும் விட்டதில்லை."

ராத்திரி எல்லோரும் போன பிறகு விளக்கை அணைத்தேன்.
டார்ச்சை எரியவிட்டு
ஃபில்டர் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.
மூன்று கிளிப். மூன்றும் டக் டக்கென்று விழுந்தன.
நான்காவது மூலையில் கிளிப்புக்கு இடமே இல்லை,
பேட்டரி வந்து இடிக்கிறது.
பனி பெய்கிற ஊரில் எவனோ ஒருவன்
கம்ப்யூட்டரில் வரைந்து பார்த்து
சரி, மூன்று போதும் என்று
காபி குடிக்கப் போயிருப்பான்.
ஐம்பது டிகிரி வெயிலில், எஞ்சின் சூட்டில்
பிளாஸ்டிக் மூடி லேசாக உதட்டைத் தூக்கும் என்று
அவனுக்கு யார் சொல்வது?

அந்த மூலையில் வெளிச்சம் கசிந்தது.
மயிரிழைதான்.
வெளிச்சம் வெளியே வருகிற வழியில்
மணல் உள்ளே போகும்.

வாரண்டிப் படிவத்தில் காரணத்துக்கு மூன்று கட்டம்:
ஓட்டியவர் தவறு,
பராமரிப்புக் குறைவு,
விபத்து.
முதலாளி கெட்டவர் இல்லை.
பென்சிலால் இரண்டாவது கட்டத்தில்
சின்னதாக ஒரு டிக் போட்டு
என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.
என் விசா அவர் கையில்.
அவருடைய ஒப்பந்தம் இன்னொருவர் கையில்.
சம்பளத்தில் மாதம் நாற்பது ரியால் பிடித்தால்
துர் முகம்மது எஞ்சினைக் கட்டி முடிக்க
எத்தனை வருஷம் என்று
படிவத்தின் முதுகிலேயே கணக்குப் போட்டேன்.
ஐந்து.

காலையில் நான்காவது வண்டி வந்தது.
ஆயில் மாற்ற, அவ்வளவுதான்.
ஆறாயிரம் கிலோமீட்டர், புகை இல்லை, புதுப்பெண்.
மைமூனா டீச்சர் சாவியைக் கொடுத்துவிட்டு
பரீட்சைத் தாள் திருத்த உட்கார்ந்தார்.
நான் மூடியைத் திறந்தேன்.
பவுடர் அங்கேயும் வர ஆரம்பித்திருந்தது.

பழைய சைக்கிள் டியூபில் ஒரு பட்டை நறுக்கி
மூலையில் ஒட்டினால் அடைபடும்.
நூறு பைசா சமாசாரம்.
ஒட்டினால் வாரண்டி போகும்.
ஒட்டாவிட்டால் எஞ்சின் போகும்.
கத்தரிக்கோலை எடுத்து
ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தேன் போலிருக்கிறது.
அவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.
"என்ன அது?"
காட்டினேன். டார்ச்சையும் காட்டினேன்.
"இதை எழுதித் தா" என்றார்,
சிவப்புப் பேனாவை நீட்டி.

ரசீதின் அடியில், என் அரைகுறை அரபியில்
'காற்று இந்த வழியாக நுழைகிறது' என்று எழுதினேன்.
இரண்டு எழுத்துப்பிழை.
திருத்திக் கொடுத்தார்.
கையெழுத்தை மட்டும் தமிழில் போட்டேன்.

துர் முகம்மதின் படிவம் இன்னும் மேசையில் கிடக்கிறது.
மதியக் காற்று வீசி ஓய்ந்துவிட்டது.
பென்சில் டிக் தெரியாத அளவுக்கு
அதன் மேல் மெல்லிசாக மணல்.
ஊதுவதா, அப்படியே கையெழுத்துப் போடுவதா என்று
முதலாளியின் வண்டிச் சத்தம் கேட்கிறவரை
யோசிக்கலாம்.