பிற குறிப்புகள்

காலை ஆறு மணி. வானொலியில் தாரிலியு கேட்கிறான்:
நிறம்?
வெள்ளை. அடியில் மட்டும் அழுக்கு வெள்ளை,
சேம்பு வெந்த தண்ணீர் மாதிரி.
உயரம்?
கையை நீட்டிக் கட்டைவிரலை வைத்தேன்.
ஒன்றரை விரல்.
அவன் சிரிக்கவில்லை. தலைநகரில் உட்கார்ந்து
என் கட்டைவிரலை மீட்டராக்கும் கணக்கு
அவனிடம் இருக்கிறது.

நடுக்கம் அளக்கும் பெட்டி
போன புயலோடு செத்துப்போனது.
மூடியைத் திறந்தால் எறும்புகளின் ஊர்.
அதனால்தான் எனக்கு வேலை:
ஒரு பேனா, ஒரு கடிகாரம்,
கட்டம் கட்டமாய் அச்சடித்த நூறு தாள்.
பெயர்: ரோலெனாஸ்.
பணி: பார்ப்பது.

செவ்வாய் இரவு முழுக்க
கப்பல் எஞ்சின் ஓடும் சத்தம்.
எழுந்து கரைக்குப் போனேன். கப்பல் இல்லை.
மணலைவிட்டுப் பாறைமேல் ஏறியதும் கூடியது.
பாதத்தால் கேட்டிருக்கிறேன், காதால் அல்ல.

புதன், சாம்பல்.
மழைத்தொட்டியின் வாயைப் பாயால் கட்டினோம்.
கொடியில் கிடந்த பள்ளிச் சீருடைகளுக்கெல்லாம்
ஒரே நாளில் நரைத்துவிட்டது.
வெதாலி தன் பன்றியைக் குளிப்பாட்டினான்,
மறுபடி குளிப்பாட்டினான்,
மூன்றாம் முறை பன்றி சம்மதிக்கவில்லை.

வாசனை?
தீக்குச்சி.
அணைத்த பிறகு வருவது இல்லை,
உரசியதும் மூக்கில் ஏறுமே, அது.

நமலாவ் பறவை அடைகாப்பதில்லை.
மலைச்சரிவில், கதகதப்பான மண்ணில்
தன் உடம்பே மறையும்வரை தோண்டி
முட்டையை மலையிடம் விட்டுவிட்டுப் போய்விடும்.
குஞ்சு தானே மண்ணை முட்டிக்கொண்டு வரும்.
வந்து, யாரையும் தேடாமல், பறக்கும்.
மூன்று எடுத்தால் ஒன்றை விட்டுவை
என்பது எங்களுக்கும் அதற்கும் ஒப்பந்தம்.
அதைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லலாம்.

வியாழக்கிழமை குழியில் கைவிட்டேன்.
சட்டென்று உருவிக்கொண்டேன்.
கம்பால் கிளறி ஒன்றை எடுத்து
இலைமேல் உருட்டி, ஆறவிட்டு, உடைத்தேன்.
வெந்திருந்தது.
உப்பு ஒன்றுதான் பாக்கி.
அடுத்த குழியில்
இறகு முளைத்த ஒன்று,
அலகு திறந்தபடி.

மலையிலிருந்து இறங்கும்போது
வழக்கமாய் ஏதாவது முணுமுணுப்பேன்.
அன்று படிகளை எண்ணினேன்.

மாலை ஆறு மணி.
முட்டைகள் வெந்துவிட்டன. ஓவர்.
இரைச்சல். திரும்பச் சொல், என்றான்.
மண்ணுக்குள்ளேயே வெந்துவிட்டன. ஓவர்.
நெடுநேரம் அவன் பக்கத்திலிருந்து
கடல் மாதிரி ஒன்றுதான் கேட்டது.
எவ்வளவு ஆழத்தில்?
முழங்கை.
எத்தனை குழி?
ஏழு. எட்டாவதைத் தோண்டவில்லை.
ஏன்?
ஏன் என்பதற்கு என்னிடம் கட்டம் இல்லை.
அவனிடமும் முட்டைக்குக் கட்டம் இல்லை.
தாளின் கடைசியில் ‘பிற குறிப்புகள்’ என்று
ஒற்றைக் கோடு இருக்கும், அதில் எழுது, என்றான்.
எழுதினேன்.
கோடு தீர்ந்து, ஓரத்தில் ஏறி,
என் பெயர்மேலேயே வந்து முடிந்தது.

சனிக்கிழமை கப்பல் வந்தது.
அந்தக் கோட்டுக்காகவா, வானத்திலிருந்து எடுத்த
ஏதோ படத்துக்காகவா, யாரும் சொல்லவில்லை.
குழந்தைகள், பாய்கள், ஒரு தையல் எந்திரம்,
திருகாணி கழற்றிய தேவாலய மணி:
அதன் நாக்கைத் துணியால் சுற்றியிருந்தார்கள்,
படகில் தவறியும் ஒலித்துவிடக் கூடாதென்று.
வெதாலியின் பன்றிக்கு இடமில்லை.
அதை அவிழ்த்துவிட்டு
கயிற்றை மட்டும் கொண்டுபோனான்.

நான் கடைசிப் படகுக்கு நின்றேன்,
காலைக் கணக்கு ஒன்று பாக்கி.

ஞாயிறு. நிறம்: சாம்பல். உயரம்:
மேகம் மறைத்தது, விரலுக்கு வேலையில்லை.
பந்து மைதானத்தில், மேற்குக் கம்பத்தடியில்
ஒரு நமலாவ் நின்றது.
இவ்வளவு தாழ்வில் நான் பார்த்ததே இல்லை.
குளிர்ந்த மண்ணை ஒரு காலால் பறித்தது,
தலையை உள்ளே விட்டது,
எடுத்தது,
இரண்டடி தள்ளி மறுபடி பறித்தது.
கூப்பிடுகிறார்கள், படகு கிளம்புகிறது.
நேரம் மட்டும் குறித்தேன்: ஐந்து நாற்பது.