முதிர்வுத் திகதி

மூன்று மாதம் கழிந்தாயிற்று.
இனி மனுப் போட்டால் முடிவான டிக்ரி.
"போடாவிட்டால்?" என்றேன்.
"போடும் வரை நீங்கள் மனைவி" என்றார்
சட்டத்தரணி ரிஸ்மியா,
வடை எண்ணெயைப்
பழைய வழக்குத் தாளில் ஒற்றியபடி.
"காசு கைக்கு வரட்டும், அவசரமில்லை."

வேன் விற்ற காசு.
பண்டாரவளை வங்கியில், இருவர் பெயரிலும்
ஒரு வருட நிலையான வைப்பு.
ஒக்டோபர் இருபத்துமூன்று முதிர்வு.
முந்தி உடைத்தால்
நாற்பத்தோராயிரத்து அறுநூறு நட்டம்.

அவருக்கோ அவசரம்.
(டிக்ரி வரும்வரை அவர். பிறகு யோசிக்கலாம்.)
கார்த்திகையில் பதுளையில்
மண்டபம் பேசியாயிற்றாம்.
தியத்தலாவை பஸ்ஸில் அவருடைய சித்தி மகள் சொன்னாள்,
எனக்குத் தெரியும் என்று நினைத்து.

புரட்டாதி மழையில் ஒரு இரவு போன்.
"உடைப்போம் சுகிர்தா.
நட்டத்தை என் பங்கில் கழி."

பதினொரு வருடம்
கறியில் தக்காளியை எண்ணிப் பார்த்தவர்.
என் கடைவாய்ப் பல்லுக்கு
கராம்பு போதும் என்றவர்.
இப்போது ஐந்து கிழமை முந்தி என்னைக் கழற்ற
நாற்பத்தோராயிரத்து அறுநூறு.
கல்குலேட்டரில் வகுத்துப் பார்த்தேன்:
நாளுக்கு ஆயிரத்து நூற்றுச் சொச்சம்.
என் மேல் யாரும்
இவ்வளவு செலவழித்ததில்லை.

"யோசிக்கிறேன்" என்று வைத்தேன்.
யோசிக்கவில்லை. உளுந்து ஊறப் போட்டேன்.

அந்த ஐந்து கிழமையும் நான்
நன்றாகவே மனைவியாக இருந்தேன்.
கிராம சேவகர் தந்த படிவத்தில்
'திருமணமானவர்' கட்டத்தில்
ஆற அமரப் புள்ளடி போட்டேன்.

இருபத்துமூன்றாம் திகதி
பக்கத்துப் பக்கத்துக் கதிரை.
வெளியே பனிமூட்டம், பஸ் ஹோர்ன் மட்டும் தெரிந்தது.
அவர் தலையில் புதுச் சாயம்,
காது மடலில் ஒரு கறுப்புத் தீற்று.
சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கவுண்டர் பிள்ளை திரையைப் பார்த்தபடி சொன்னாள்:
"ஒன்றும் சொல்லாவிட்டால்
தானாகவே இன்னொரு வருடம் புதுப்பிக்கும்.
அப்படியே விடுவோமா, அங்கிள்? அன்ரி?"

"வேண்டாம்!"

ஒரே குரலில்.
காவலாளி திரும்பிப் பார்த்தார்.

வங்கிப் பேனை எழுதவில்லை.
அவர் தன்னுடையதை நீட்டினார்,
மூடியில் பல் பதிந்த அதே நீலம்.
பாதிப் பாதி. சதம் வரை சரி.

படியிறங்கும்போதே ரிஸ்மியா மிஸ்ஸை அழைத்தேன்:
"மனுவைப் போடுங்கள்."

பேனை என் பையில்.
அவர் கேட்கவில்லை, 
நானும் கொடுக்கவில்லை.